நான்காம் மாடிச் சமையலறை

வண்டியை மகள் நிறுத்திய இடம் சரியில்லை என்றுதான் ஆவுடையப்பனுக்கு முதலில் தோன்றியது. வேறெங்கு நிறுத்தியிருந்தாலும் அப்படியேதான் தோன்றியிருக்கும். மழை விடாத ஏப்ரல் மாதப் பிற்பகல். ஜெர்மனியின் ஆகன் நகரத்தின் சரிவொன்றில், இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அவர் ஆராய்ச்சி மாணவராகத் தங்கியிருந்த ஏழு மாடி விடுதிக்கு நேர் எதிரே, வண்டியின் மூக்கு அதன் வாசலைச் சுட்டியபடி நின்றது. மகள் காந்திமதி பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அவர் கழற்றவில்லை என்பதைப் பார்த்தாள்.

"இறங்குங்கப்பா."

"முட்டு மடங்க மாட்டேங்கு, மதி. நாலு மாடி. நீ போயிட்டு வந்துரு."

"லிஃப்ட் இருக்கும்ப்பா."

"எங்க காலத்துல கிடையாது."

"உங்க காலத்துல இந்த முட்டுவலியும் கிடையாது. எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்தச் சுவர் கதையைக் கேட்டிருக்கேன். வாசல் வரைக்கும் வந்துட்டு வண்டியிலயே உக்காந்திருக்கேன்னு சொல்றீங்க. திருப்பதி போய் பஸ்ஸை விட்டு இறங்காத மாதிரி."

"நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான்."

"சரி, போட்டோ எடுத்துட்டு வரேன். எனக்குத்தான் தமிழ் படிக்க வராது. ஆனா இதைக் காட்டினா இதுவே படிச்சுச் சொல்லிடும்." கைப்பேசியை அவர் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டிவிட்டு, மழையங்கியின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடினாள். விடுதி மாணவர்களுக்கு அவள் முன்னமே கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தாள். கதவு ஒருமுறை முனகி, திறந்து, அவளை உள்ளே இழுத்துக்கொண்டது.

இதுவே படிச்சுச் சொல்லிடும். அந்த மூன்று சொற்களும் வண்டிக்குள் அவரோடு தங்கிவிட்டன. ஒன்பது நாட்களாக அந்தக் கருவி படிப்பதை அவரே பக்கத்திலிருந்து மெச்சியிருக்கிறார். மகள் வேலை பார்க்கும் ஐந்தோவன் நகரிலிருந்து புறப்பட்டபின், புரூக்கில் உணவு விடுதியின் அட்டையை அது படித்தது. லக்சம்பர்க்கில் வண்டி நிறுத்தும் பலகையைப் படித்தது. டிரியரில் மண்ணுக்குள் பாதி புதைந்த ஒரு கல்லறைக் கல்லைக்கூட, செத்தவனின் தொழில் முதற்கொண்டு, படித்துச் சொன்னது. அப்போதெல்லாம் பச்சைப் பிள்ளைபோல வியந்தவருக்கு, அது தமிழும் படிக்கும் என்பது இப்போதுதான் உறைத்தது. இத்தனை ஆண்டுகளும் அவரைக் காத்தது மகளுக்குத் தமிழெழுத்து தெரியாது என்ற ஒன்றே. புனேயில் வளர்ந்த பெண். பள்ளியில் மராத்தியும் இந்தியும். 'வருகிற கோடை விடுமுறையில் சொல்லித் தருகிறேன்' என்று எத்தனை கோடைகள் சொன்னார். ஏன் சொல்லித் தரவில்லை? வேலை மிகுதி. வேலை மிகுதிதான். வேறு காரணம் இருப்பதாக அவர் மனம் ஒரு கணம் கையுயர்த்தியது. அதை உட்கார வைத்தார். கண்ணாடித் துடைப்பான் ஒருமுறை போய் வந்தது, விடுதி தெளிவாகத் தெரிந்தது, பிறகு கரைந்தது. நான்காம் மாடியில் இடக்கோடியிலிருந்து மூன்றாவது சன்னல். எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் கண் அங்கே போய் நின்றது. சன்னல்கள் பார்க்கின்றன என்று எழுதுகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. இவை பார்க்கவில்லை. இவற்றுக்கு அவரைப் பார்க்க வேண்டிய தேவை இல்லை. அதுதான் இவற்றின் வன்மம். காலையிலிருந்தே இந்த ஊர் இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஊர் நடுவே கந்தக ஊற்று. தூண்களுக்கிடையே குழாயிலிருந்து வெந்நீர் ஒழுகுகிறது. அழுகின முட்டை நாற்றம். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'காலைச் சாப்பாடு ஒத்துக்கலையாப்பா?' முட்டை நாற்றம். அதைப் பற்றி இப்போது நினைக்க வேண்டாம். பிறகு ஒரு பெண் வண்டியை நிறுத்தக் கூடாத இடம் என்று கண்ணாடியைத் தட்டினாள். பிறகு ரொட்டிக் கடைக்காரன் அவருடைய ஜெர்மன் புரியாததுபோல முகத்தை வைத்துக்கொண்டு மகளிடம் ஆங்கிலத்தில் பேசினான். அவருடைய ஜெர்மன். இந்த ஊரே பாராட்டிய ஜெர்மன். ஒரு காலத்தில் எவ்வளவு அழகான கடிதம் எழுதிய ஜெர்மன். அதைப் பற்றியும் வேண்டாம்.

அவர் சொல்லிவந்த கதை இது. சொல்லிச் சொல்லிப் படியின் ஓரம்போல் வழவழப்பாகிவிட்ட கதை. ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா ஒரு எவர்சில்வர் பானை கொடுத்துவிட்டாள். நம் வீடுகளில் வழக்கம்போல் அதன் கழுத்தில் கடைக்காரனிடம் சொல்லிப் பெயர் வெட்டியிருந்தது. ஆகனுக்கு வந்த ஆவுடையப்பன், அந்த மாடியில் வசித்த எல்லா தேசத்துப் பிள்ளைகளுக்கும் அதில் சோறு பொங்கிப் போட்டான். பெயருக்குக் கீழே சிவப்பு எனாமலால் தமிழில் எழுதினான்: 'வருக, பசியாறுக.' உல்ரிக்கே என்கிற ஜெர்மன் மாணவி அந்த எழுத்துகளின் அழகில் மயங்கி, விடுதியில் வண்ணம் பூசும் வாரம் வந்தபோது, சமையலறைச் சுவர் முழுக்க அவற்றை நீல நிறத்தில் பெரிதாகத் தீட்டினாள். ஆக, ஒரு ஜெர்மானிய நகரத்தின் சுவரில் தமிழ், விருந்தோம்பலின் தமிழ். புனே தமிழ்ச் சங்கத்தில் இதைச் சொன்னால் கைத்தட்டல் முடிய நேரமாகும். பள்ளி ஆண்டு விழாக்களில் சொல்லியிருக்கிறார். பணி ஓய்வுபெற்ற நாளில் தொழிற்சாலைத் தொழிலாளர் நடுவே சொன்னார். மனைவி இறந்த பதினாறாம் நாள், 'அவளும் அந்தப் பானையில்தான் கடைசிவரை பொங்கினாள்' என்று சொல்லி அழுதார். அந்த அழுகை மெய். பானையும் மெய். உல்ரிக்கே மெய், நீல வண்ணம் மெய், சுவர் மெய். ஒரு பொய்யை வாழ வைக்க எத்தனை மெய்களுக்கு நாம் சோறு போட்டு வளர்க்கிறோம். பானையின் கழுத்தில் சிவப்பு எனாமலால் அவர் எழுதியது அது அல்ல. இரண்டு சொற்கள். தொடக் கூடாது. நீலத்தில், முழ உயரத்தில், அந்த மூன்றாவது சன்னலுக்கு உள்ளே, சுவர் நெடுக: தொடக் கூடாது. இந்நேரம் மதி மூன்றாம் மாடிப் படியில் இருப்பாள். லிஃப்ட் வைத்திருந்தால் சமையலறைக்கே போயிருப்பாள். கருவியை உயர்த்துவாள். அது யோசிக்காது, தயங்காது, உறவு பார்க்காது. கல்லறைக் கல்லுக்குச் சொன்ன அதே குரலில் சொல்லும்.

மெஷின் தப்பாகப் படித்துவிட்டது என்று சொல்லலாமா? சொல்லலாம். லக்சம்பர்க்கில் அது கோழிக்கறி என்பதைக் கோழியின் துக்கம் என்று படித்ததற்கு இருவரும் சிரித்தார்களே, அதை நினைவூட்டலாம். பழைய எழுத்து, வெள்ளைக்காரி வரைந்தது, கோணல். சொல்லலாம். அவள் நம்புவாள். நம்பிக்கொண்டே ஒரு கணம் அவரைப் பார்ப்பாள், அந்தப் பார்வை அவளுடைய அம்மாவினுடையது. அம்மா போனபின் இந்த உலகத்தில் அவரை முழு மனிதராக நினைக்கிற ஒரே உயிர் அந்தக் கட்டடத்துக்குள் படியேறிக்கொண்டிருக்கிறது. அவளும் போய்விட்டால் என்ன மிஞ்சும்? கைத்தட்டல். தூரத்தில், ஒலிபெருக்கி அணைத்த பிறகு நாற்காலி மடக்கும் சத்தம். காலையில் ஊற்றருகே அவள் இந்த ஊர்க் கதை ஒன்றைக் கைப்பேசியில் பார்த்துச் சொன்னாள். இந்த நகரத்தின் மேல் கோபம் கொண்ட சாத்தான், ஊரையே புதைத்துவிடக் கடற்கரையிலிருந்து மணல் மூட்டை சுமந்து வந்தானாம். களைத்துப்போய் ஒரு கிழவியிடம், ஊர் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டான். அவள் தன் தேய்ந்த செருப்பைக் காட்டி, 'ஊரில் புறப்படும்போது இது புதுச் செருப்பு' என்றாள். மலைத்துப்போனவன் மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் போனான். அந்த மணல்தான் ஊரோரத்துக் குன்று. அவருக்கு அந்தக் கிழவியைப் பிடிக்கவில்லை. சுமந்து வந்தவனுக்கு ஊர் எவ்வளவு அருகில் என்பதை யாராவது உண்மையாகச் சொல்லியிருக்கலாம். தூரம் தூரம் என்று நினைத்து இருபத்தெட்டு ஆண்டு சுமந்தவரை, சொந்த மகளே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள்.

அவன் பெயர் இசக்கிமுத்து. வேண்டாம் என்றாலும் வருகிறது. இப்போதும் அந்தப் பெயரை நினைத்ததும் அவர் உடம்பில் எழுந்தது இரக்கம் அல்ல, எரிச்சல். நாம் தீங்கிழைத்தவர்களை நம்மால் மன்னிக்க முடிவதில்லை. நமக்குத் தீங்கிழைத்தவர்களைக்கூட மன்னித்துவிடுகிறோம். அக்டோபரில் வந்தவன், உலோகவியல், மெலிந்த கை, கையில்லாத ஸ்வெட்டர். அந்த மாடியில், ஏன், அந்த விடுதி முழுவதிலும் தமிழ் பேசிய இன்னொரு ஆள் அவன் மட்டுமே. வந்த முதல் நாளே சமையலறை வாசலில் நின்று, 'அண்ணாச்சி, திருநவேலிப் பக்கமா?' என்றான். அந்த 'அண்ணாச்சி' காதில் விழுந்தபோது ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது. ஆறு வாரம். ஒரே பானை. இவர் சோறு வடித்தால் அவன் புளிக்குழம்பு வைப்பான். ஜெர்மன் கடையில் புளி கிடைக்காமல் எலுமிச்சையையும் தக்காளியையும் வைத்து அவன் செய்த வித்தையை இவர் நாக்கு இன்றுவரை மறக்கவில்லை. நாக்குக்கு மானம் கிடையாது. கரண்டி ஒன்றுதான் இருந்தது. இவர் ருசி பார்த்துவிட்டு நீட்டுவார், அவன் பார்ப்பான். ஒரு ஞாயிறு முற்பகல் அரிசி களைந்துகொண்டே, பேச்சுக்குப் பேச்சாக, கேட்டார். அந்தக் கேள்வியை அவர் யோசித்துக் கேட்கவில்லை. இருமல் வருவதுபோல் வந்தது. பெயர் முதல் நாளே தெரியும். ஊர் எது என்றார். 'தென்காசிக்குத் தெக்க, புளியங்காவல், அண்ணாச்சி.' அங்கே எந்தத் தெரு? இசக்கிமுத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். கத்தி நிற்கவில்லை. 'தெரு இல்ல அண்ணாச்சி. காலனி.' அவ்வளவுதான். மூன்றே கேள்விகள்: பெயர், ஊர், தெரு. நம்மில் எத்தனை பேர் புது மனிதன் ஒருவனை இந்த மூன்று படியிலும் இறக்கிப் பார்க்காமல் ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்திருக்கிறோம்? அன்றைக்கும் அவர் சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார். பேசினார், சிரித்தார்கூட. மறுநாள் கடையில் சிவப்பு எனாமல் வாங்கினார். கோபம் இல்லை, வெறுப்பு இல்லை, அம்மா முகம் மட்டும் இருந்தது. அம்மாவின் பானை, அம்மாவின் பெயர்வெட்டு, அம்மாவுக்குத் தெரிந்தால். ஐந்தாயிரம் மைலுக்கு அப்பால் இருந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. ஜெர்மனில் எழுதியிருக்கலாம். ஜெர்மனில் எழுதினால் மற்றவர்களும் தொடமாட்டார்கள். ஆனால் மற்றவர்கள் தொட்டால் அவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே தமிழில் எழுதினார். விடுதியிலேயே அதைப் படிக்கக்கூடியவன் ஒருவன்தான்.

மேடைகளில் அவர் சொல்லும் உவமைக் கதை ஒன்று உண்டு. கப்பல் உடைந்து இருவர் ஒரு தீவில் ஒதுங்கினார்கள். ஒருவன் சுள்ளி பொறுக்கப் போனான். மற்றவன் முதல் வேலையாக நாலு கம்பு நட்டு வேலி கட்டினான். சுள்ளியோடு வந்தவன் கேட்டான்: 'இங்கே மாடில்லை, மானில்லை, யாரைத் தடுக்க இது?' வேலி கட்டியவன் வெட்கி, கம்புகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தான். அந்தத் தீயில் வெந்ததை இருவரும் உண்டார்கள். இந்தக் கதையை எங்கே படித்தீர்கள் என்று சங்கத் தலைவர் ஒருமுறை கேட்டார். தானாகத் தோன்றியது என்றார். தானாகத் தோன்றியதுதான், ஒவ்வொரு முறையும் கடைசி வரியை எட்டும்போது நெஞ்சில் ஏதோ சில்லென்று இறங்கும், அதை அவர் அருள் என்று எண்ணியிருந்தார். மெய்யான தீவில் ஒரு கம்பும் பிடுங்கப்படவில்லை. பிறருக்கு நீதி சொல்ல மேடையேறுகிறவர்களே, நீங்கள் கட்டும் கதையில் உங்களுக்கு என்ன வேடம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதை ஒருமுறை பாருங்கள். வேடம் நன்றாகப் பொருந்துகிறது என்றால் பயப்படுங்கள்.

உல்ரிக்கே ஏணி மேல் நின்றாள். அதுதான். எத்தனை முறை விலக்கினாலும் நினைவு அங்கேதான் போய் மாட்டிக்கொள்கிறது, முள்ளில் வேட்டி மாட்டுவதுபோல். தலைமுடியில் நீலத் துளி. பானையை மேசைமேல் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுத்தெழுத்தாகச் சுவரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் உள்ளே நுழைந்தபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் இசக்கிமுத்து. அந்தப் பெண் அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். எழுத்து கோணாமல் வர மேற்பார்க்க. 'கூ'வின் வளைவு எங்கே முடிகிறது என்று அவள் கேட்க, அவன் விரலால் காற்றில் போட்டுக் காட்டினான். அவள் இவரைக் கண்டதும் திரும்பி, இது என்ன பொருள் என்று கேட்டாள். ஒரு கணம். உலகத்தின் எல்லாக் கோழைத்தனமும் ஒரு கணத்துக்குள் அடங்கிவிடும். 'வருக, பசியாறுக' என்று அவர் ஜெர்மனில் சொன்னார். எவ்வளவு அழகு என்றாள். பிறகு, கெட்ட எண்ணமே இல்லாமல், ஏணியடியில் நின்றவனைக் கேட்டாள்: சரிதானா? இசக்கிமுத்து சுவரைப் பார்த்தான். பானையைப் பார்த்தான். ஆவுடையப்பனைப் பார்க்கவில்லை. 'யா' என்றான். 'சரிதான்.' ஏன் சொன்னான்? இல்லை என்று சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஒரு நாள் அவமானம், ஒரு மாதச் சங்கடம், முடிந்திருக்கும். இத்தனை ஆண்டு இந்தக் கதையைச் சொல்ல வேண்டி வந்திருக்காது. அந்த 'யா' ஒரு பழிவாங்கல். திட்டமிட்டுச் செய்தான். இல்லை, அந்தப் பெண்ணின் முகம் வாடக் கூடாது என்று செய்தான். இல்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று ஊரிலேயே படித்துவிட்டு வந்தவன் அவன். எதுவாயிருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்காக ஆவுடையப்பன் அவனை வெறுத்தார், தன் எழுத்துக்காகத் தன்னை வெறுப்பதைவிட அது எளிதாக இருந்தது. அன்றோடு தமிழ் நின்றது. மறுநாள் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டபோது இசக்கிமுத்து, 'காலை வணக்கம், ஹெர் ஆவுடையப்பன்' என்றான், ஜெர்மனில். அண்ணாச்சி போய் ஹெர், அதாவது திருவாளர். ஒரே தாழ்வாரத்தில், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர் இருவர், இரண்டு மாதத்துக்கு மேல் அந்நிய மொழியில் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

சமையலறைப் பக்கம் அவன் பிறகு வரவில்லை. அந்தச் சுவருக்குக் கீழே எப்படி வருவான்? குளிர் இறங்கியது. ஒரு நாள் அவன் அறைக் கதவுக்கடியிலிருந்து ஒரு வாடை. கந்தகம்போல. வெந்நீர் போடும் மின்கெட்டிலில் முட்டை அவிக்கிறான் என்பது இரண்டாம் நாளே புரிந்தது. முட்டையும் ரொட்டியும். காலையில் முட்டை, மாலையில் முட்டை. இவருக்கோ முட்டை ஆகாது. இவர் அறை அடுத்த அறை. அறைக்குள் சமைக்கக் கூடாது என்பது விடுதி விதி. விதி விதிதானே. ஆகவே விடுதிப் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம், கையெழுத்து இல்லாமல், பிழையே இல்லாத, பேராசிரியர் பாராட்டக்கூடிய ஜெர்மனில், 'பொதுவான சுகாதாரத்தின் பொருட்டு' என்று தொடங்கி. எழுதியவன் யார் என்று ஜெர்மானியர் யாரும் ஊகிக்கவில்லை. பிப்ரவரி முதல் வாரம் இசக்கிமுத்து ஒரு பெட்டியோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போனான். வேறு ஊர்ப் பல்கலைக்கழகம் என்றார்கள். இதோ இந்தச் சரிவில்தான், இந்த வண்டி நிற்கும் இடத்தைக் கடந்துதான். மூன்றாவது சன்னலில் நின்று ஆவுடையப்பன் பார்த்தார். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவர் எத்தனையோ முறை கற்பனை செய்திருக்கிறார். ஒவ்வொரு கற்பனையிலும் ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொள்கிறார். கற்பனையில் நம் கால்கள்தான் எவ்வளவு வேகம்.

பதினேழு நிமிடம் ஆகிவிட்டது. ஒரு படம் எடுக்கப் பதினேழு நிமிடமா? படித்துவிட்டாள். படித்துவிட்டு மாடியிலேயே நிற்கிறாள், கீழே வர மனமில்லாமல். சன்னல் கண்ணாடி அவர் மூச்சில் பனித்தது. வண்டியை விட்டு இறங்கி எங்காவது போய்விடலாம். எங்கே? இந்த ஊரில் அவர் போகக்கூடிய இடம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தெருவும் அவரைத் தெரியாது என்று சொல்லத் தயாராக நிற்கிறது. விடுதிக் கதவு திறந்தது. தொப்பி போடாமலே வருகிறாள். மெல்ல நடக்கிறாள். ஓடிப்போனவள் மெல்ல நடந்து வருகிறாள். முகம் தெரியவில்லை, மழை. துடைப்பான் போய் வந்தது. தெரிந்தது: வாடியிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கதவு திறந்து ஈரமும் குளிரும் உள்ளே வந்து உட்கார்ந்தன.

"போச்சுப்பா."

அவர் கண்ணைத் திறந்தார்.

"வெள்ளை அடிச்சுட்டாங்க. ஆறு வருஷம் ஆச்சாம். ஏதோ தீ விபத்துக்கான பெயிண்டாம், சுவர் மொத்தமும். ஒரு துருக்கிப் பையன்தான் சமைச்சுட்டு இருந்தான், அவன் ஒவ்வொரு ஆளாக் கூப்பிட்டு விசாரிச்சான். யாருக்கும் தெரியல. நான் போய் சுவரைத் தடவிக்கூட பாத்தேன்."

உடம்பிலிருந்து ஏதோ கழன்று விழுந்தது. ஆறு வருடம். ஆறு வருடமாக அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. அவர் பயந்துகொண்டிருந்த நீலம் உலகத்தில் எங்கும் இல்லை. பானையின் எனாமல் கல்யாணத்துக்கு முன்பே சுரண்டி எடுத்தாயிற்று. கடிதம் எந்தக் குப்பையிலோ. பிழைத்தோம் என்ற சொல் வாய்வரை வந்தது. இத்தனை நேரம் பகையாக நின்ற விடுதி சட்டென்று சாதாரணக் கட்டடமாகி, சன்னலில் உலரும் துணி தெரிந்தது. சிரிப்பு வந்தது. அடக்கினார். மகளின் தோளைத் தட்டி, பரவாயில்லை என்று சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் ரொட்டிக் கடையின் காகிதப் பையைப் பிரித்து அவர் மடியில் விரித்து, பேனாவையும் அதன்மேல் வைத்தாள்.

"நீங்களே எழுதுங்க. நான் எங்க வீட்டுக் கிச்சன் சுவர்ல பெயிண்ட் பண்ணப் போறேன். அவங்க அழிச்சா என்ன. அதே மாதிரி எழுதணும், அப்படியே."

அப்படியே. பேனா இலேசாக இருந்தது. 'வ' என்று தொடங்கினால் போதும். ஒரு சுழி, ஒரு கோடு. ஐந்தோவனில் ஒரு வீட்டுச் சுவரில், வருக, பசியாறுக. அதன் கீழே அவள் சமைப்பாள். அவளுக்குப் பிறக்கப்போகிறவர்கள் அதைப் பார்த்து வளர்வார்கள். அவர் செத்த பிறகும் அது அங்கே இருக்கும், சாட்சியே இல்லாத பொய், மெய்யைவிட உறுதியாக. இனி யாரும் கேட்க மாட்டார்கள். ஏணியடியில் நின்று 'யா, சரிதான்' என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். இப்போது அந்த இடத்தில் மகள் நிற்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அவனுக்குத் தெரிந்திருந்தது. படிக்கத் தெரிந்தும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். விரலால் காற்றில் 'கூ' போட்டான். ஆவுடையப்பனின் கை காகிதத்தில் இறங்கியது. எழுதியது 'வ' அல்ல. ஆறே எழுத்து. 'கூ'வின் வளைவும் கோணாமல் வந்தது.

"அழகா இருக்குப்பா" என்று காந்திமதி கைப்பேசியை எடுத்து அதன்மேல் பிடித்தாள். அவர் உள்ளங்கையால் காகிதத்தை மூடினார்.

"அது வேண்டாம். நானே சொல்லுதேன். வருக பசியாறுகன்னு அங்க எழுதல, மதி. எழுதினது இதுதான். தொடக் கூடாதுன்னு. பானையிலயும் இதுதான். நான் எழுதினது."

அவள் சிரிக்கப்போய் நிறுத்தினாள். மூடியிருந்த அவர் கையைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே விடுதியைப் பார்த்தாள். பொறியியல் படித்த பெண். கணக்கைப் போட அவளுக்கு நெடுநேரம் ஆகவில்லை.

"அங்க இருந்தவங்க யாருக்கும் தமிழ் தெரியாதேப்பா. அப்ப யாருக்கு எழுதினீங்க?"

மழை. துடைப்பான்.

"ஒருத்தன் இருந்தான்."

"உங்க கதையில அப்படி ஒருத்தரே கிடையாதே."

"இல்ல."

"பேர் என்ன?"

"இசக்கிமுத்து." இருபத்தெட்டு ஆண்டுக்குப் பின் அந்தப் பெயர் அவர் வாயிலிருந்து வெளியே கேட்டது. வாய் அதை மறக்கவில்லை.

"எந்த ஊரு?"

"தென்காசிக்குத் தெக்க. புளியங்காவல்." சொல்லி முடித்ததும் அவருக்கு வரிசை புரிந்தது. பெயர், ஊர். இனி மூன்றாவது. அவள் எங்கே கற்றாள்? அவர்தான் கற்றுக்கொடுத்தாரா, எழுத்தைக் கற்றுக்கொடுக்காமல் இதை மட்டும்? கேட்கட்டும். தெரு எது என்று கேட்கட்டும். அதற்கும் பதில் சொல்லிவிடலாம். சொன்னால் எல்லாம் சொன்னதாகிவிடும். அவர் காத்திருந்தார். காந்திமதி சாவியைத் திருப்பினாள். துடைப்பான் பாதிவழியில் நின்றது. கண்ணாடி முழுவதும் மழை வழிந்து, விடுதியும் சன்னல்களும் ஊரும் கரைந்து போயின. அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அதுக்கப்புறம் அவர் எங்கப்பா சமைச்சு சாப்பிட்டார்?"

தெரியாது என்று சொல்லலாம். காகிதத்தின் மேலிருந்து கையை எடுத்தார். மை உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றார்.